மூன்று சர்வரும் ஒரு தேநீர் இடைவேளையும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால் நானும், என்னிடம் வேலை பழகும் ஒரு தம்பியும். குளிரூட்டிய சின்ன அறை ஒன்று, அதில் மூன்று சர்வர், அந்த மூன்றுக்குள் இருபத்தாறு மெய்நிகர் சர்வர்கள். கணக்கு, ஆர்டர், வருகைப் பதிவு, சாயக் கலவைக் குறிப்புகள், வாடிக்கையாளர் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களின் கோப்புகள் எல்லாம் அந்த இரும்புப் பெட்டிகளுக்குள்தான் ஓடுகின்றன. ஒரு பெட்டிக்குள் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்ட ஒரு மென்பொருள் வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக விஎம்வேரில் ஓடிக்கொண்டிருந்ததை 2024 தீபாவளி விடுமுறையில் அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றினோம். ஒன்றேகால் ஆண்டு ஆகிவிட்டது. எப்படி இருக்கிறது என்று விசாரிக்காத நண்பர் இல்லை. மென்பொருளைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் தெரிந்துகொண்டது பெங்களூரில் நடந்த ஒரு பயனர் கூட்டத்தில், தேநீர் கொடுத்த மூலையில். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே இந்த மதிப்புரை.

மாற்றிய காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வாங்கும் லைசென்ஸின் விற்பனை நின்றது. இனி சந்தா மட்டும். அதையும் கோர் கணக்கில், அதாவது சிபியூவுக்குள் இருக்கும் கணக்கிடும் அலகுகளை எண்ணிக் கட்ட வேண்டும். ஒரு சிபியூவில் எத்தனை கோர் இருந்தாலும் குறைந்தது 16 என்று வைத்துக்கொள்வார்கள். எங்கள் பெட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு சிபியூ, சிபியூவுக்கு 8 கோர். கையில் இருப்பது 48, சந்தாக் கணக்கில் 96. முப்பத்திரண்டு கோர், அறுபத்து நான்கு கோர் சிபியூ வைத்திருக்கும் பெரிய இடங்களுக்கு இந்த விதி கண்ணிலேயே படாது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பாதி நிரம்பிய லாரிக்கு முழு வாடகை. பழைய லைசென்ஸிலேயே ஓட்டியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் நாங்கள் வைத்திருந்த 7ஆம் பதிப்புக்கு 2025இல் ஆதரவு முடிகிறது என்பது அப்போதே தெரியும். 2021இல் தீர்வு வெளியான ஓர் ஓட்டையை அடைக்காமல் விட்ட ஆயிரக்கணக்கான விஎம்வேர் சர்வர்கள் 2023 பிப்ரவரியில் பணம் பறிக்கும் ரான்சம்வேரிடம் சிக்கியதைப் பார்த்தவன் நான். திருத்தம் வராத மென்பொருளை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது.

இனி கூட்டம்.

இந்தத் துறையில் பெரிய பயனர் குழு விஎம்வேர்காரர்களின் விஎம்யூஜி. உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. அதைப் பார்த்து மற்ற மென்பொருள்காரர்களும் நகரத்துக்கு நகரம் குழு வைத்திருக்கிறார்கள். நான் போனது எந்தக் குழுவின் கூட்டம் என்பதை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் நான் பார்த்த வரையில் எல்லாம் ஒரே அச்சுதான். நமக்கு நுழைவு இலவசம். மண்டப வாடகையையும் சாப்பாட்டையும் ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்களுக்கு மேடை. 2024 ஜூலையில் ஒரு வெள்ளி இரவு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறி, சனி காலை பெங்களூரில் இறங்கி, ரயில் நிலையத்துக்கு எதிரே குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைக்கு அந்த ஓட்டலின் வாசலில் நின்றேன். கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் பேனா, ஒட்டும் படங்கள், இன்னொரு பை.

முதல் உரை செயற்கை நுண்ணறிவைப் பற்றியது. சர்வர் நிர்வாகிகள் எதற்காகக் கூடினாலும் முதல் உரை அதுதான் என்று யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள். இரண்டாவது உரையை ஸ்டோரேஜ், அதாவது தரவைச் சேமிக்கும் பெட்டி விற்கும் ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. நாற்பது நிமிடத்தில் அறுபது படம். கேள்விக்கு நேரம் இல்லை, வெளியே அரங்கில் வந்து பாருங்கள் என்றார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் திறந்தபடியே தூங்கும் கலையைக் கற்றிருந்தார்.

மூன்றாவதாக வந்தவர் ஒரு சாதாரண நிர்வாகி. விற்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெய்நிகர் சர்வரை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நிறுத்தாமல் நகர்த்திக் காட்டுகிறேன் என்றார். நகரவில்லை. மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் அசரவில்லை. இரண்டு பெட்டியிலும் சிபியூ வெவ்வேறு தலைமுறை, மெய்நிகர் சர்வருக்கு முதல் பெட்டியின் சிபியூவை அப்படியே காட்டியிருக்கிறேன், அதனால்தான் இரண்டாவது ஏற்க மறுக்கிறது என்று திரையிலேயே தேடிக் கண்டுபிடித்தார். இரண்டுக்கும் பொதுவான சிபியூ வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அணைத்து எழுப்பி, மறுபடி நகர்த்தினார். போயிற்று. அந்த நாளில் மேடையில் நடந்தவற்றில் ரயில் கட்டணத்துக்கு ஈடானது அந்த இருபது நிமிடம் மட்டும்தான்.

பதினொன்றரைக்குத் தேநீர். ஒரு தூணைச் சுற்றி ஐந்தாறு பேர் சமோசாத் தட்டுடன் நின்றோம். நடுவில், ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெரியவர். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது என்றார். நீளவாட்டு நாட்குறிப்பு ஒன்றைக் கக்கத்தில் வைத்திருந்தார். ஏற்கெனவே பதினொரு சர்வரை மாற்றி முடித்தவர். தமிழ்க் குரல் கேட்டதும் ஒட்டிக்கொண்டேன்.

"சார், நாங்கள் மூன்றே பெட்டிதான். தீபாவளிக்கு மாற்றலாம் என்று இருக்கிறோம்."

"ஆர்விடூல்ஸ் ஓட்டிப் பார்த்தீர்களா?"

"அதெல்லாம் பெரிய இடத்துக்குத்தானே சார்?"

அவர் பதில் சொல்லவில்லை. நாட்குறிப்பைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். பச்சை மையில் அழகான கையெழுத்து. அங்கங்கே அடித்தல், ஓரத்தில் அம்புக்குறி. ஒவ்வொரு வரியும் அவர் பட்ட ஒரு காயம். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் படித்துவிட்டு எடுங்கள். படம் எடுத்தவர் யாரும் அப்புறம் படிப்பதில்லை" என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே வரி வரியாகப் படித்தேன். சந்தேகம் கேட்டேன். இடைவேளை முடிந்து மணி அடித்தும் நாங்கள் உள்ளே போகவில்லை.

திருப்பூர் வந்ததும் முதலில் செய்தது ஆர்விடூல்ஸை இறக்கியதுதான். விண்டோஸ் கணினியில் ஓடும் சின்னக் கருவி. நெதர்லாந்தைச் சேர்ந்த ராப் டி ஃபெய் என்பவர் தனி ஆளாக உருவாக்கியது, இப்போது டெல் நிறுவனத்திடம் இருக்கிறது, இன்றும் இலவசம். விஎம்வேர் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டரின் முகவரியைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் அத்தனையையும் படித்து எக்செல் தாளாகக் கொட்டிவிடும். எந்தச் சர்வருக்கு எவ்வளவு நினைவகம், எந்த வட்டு எங்கே, எது யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் கோப்பு என்று தாளுக்குத் தாள் பிரித்துத் தரும். ஸ்னாப்ஷாட் தாளைத் திறந்தேன். ஸ்னாப்ஷாட் என்றால் சர்வரின் அன்றைய நிலையை அப்படியே உறைய வைத்து, அதன் பிறகு மாறுவதை ஒரு துணை வட்டில் எழுதுவது. கோப்புச் சர்வரின் பெயருக்கு நேரே ஒரு வரி: "அப்டேட்டுக்கு முன்", 2021 மார்ச். அப்டேட் முடிந்ததும் அழித்திருக்க வேண்டிய ஸ்னாப்ஷாட். எடுத்தது நான், மறந்ததும் நான். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு மெர்ச்சண்டைசரும் சேமித்த ஒவ்வொரு கோப்பும் அந்தத் துணை வட்டில் போய்ச் சேர்ந்து, 340 ஜிபி ஆகியிருந்தது. அதோடு இடம் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் பச்சை மையின் இரண்டாவது வரி: "ஸ்னாப்ஷாட் இருந்தால் நத்தை." அதை ஒன்றுசேர்த்து அழிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஏழு மணி நேரம் ஆனது. விஎம்வேரிலிருந்து நகர்கிறவர்கள் என்று இல்லை, அதிலேயே இருக்கப்போகிறவர்களும் மாதம் ஒருமுறை இந்தக் கருவியை ஓட்டிப் பார்க்கலாம். வெட்கப்பட ஏதாவது ஒன்று நிச்சயம் கிடைக்கும்.

பிராக்ஸ்மாக்ஸைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வியன்னாவில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு, முதல் பதிப்பு 2008இல் வந்தது. அடியில் டெபியன் லினக்ஸ். மெய்நிகர் சர்வர்களை ஓட்டுவது லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம். மூல நிரல் திறந்தது, எல்லா வசதியும் இலவசப் பதிப்பிலேயே உண்டு. விசென்டர் போல நிர்வாகத்துக்கென்று தனிச் சர்வர் கிடையாது. கிளஸ்டரில், அதாவது ஒன்றாக இணைத்த பெட்டிகளின் குழுவில், எந்தப் பெட்டியின் முகவரியை உலாவியில் திறந்தாலும் எல்லாப் பெட்டியும் தெரியும். எங்கள் பழைய விசென்டர் மிகச் சிறிய அளவிலேயே 12 ஜிபி நினைவகத்தைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த 12 ஜிபி கைக்கு வந்ததே மூன்று பெட்டிக்காரனுக்குப் பெரிய லாபம்.

தீபாவளிக்கு போனஸ் வாங்கியதும் திருப்பூர் காலியாகிவிடும். தெருவில் நாய் நடமாட்டம்கூட இருக்காது. அக்டோபர் 31 பண்டிகை. 1ஆம் தேதி காலை நானும் தம்பியும் சர்வர் அறைக்குள் போனோம். தேவையில்லாத சர்வர்களை அணைத்து, மற்றவற்றை இரண்டு பெட்டிக்குள் நெருக்கி, ஒரு பெட்டியைக் காலி செய்து பிராக்ஸ்மாக்ஸை நிறுவினோம். நிறுவுவதற்குப் பத்து நிமிடம். 2024இல் வந்த 8.2 பதிப்பிலேயே பழைய பெட்டிகளில் ஓடும் விஎம்வேர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. பழைய பெட்டியை ஒரு ஸ்டோரேஜாகச் சேர்த்தால் அதிலுள்ள சர்வர்கள் பட்டியலாக வரும், தேர்ந்தெடுத்து இறக்குமதி கொடுக்க வேண்டியதுதான். விசென்டர் வழியாக இழுத்தால் மிக மெதுவாக வரும், பெட்டியின் முகவரியையே நேராகக் கொடுங்கள் என்பது பச்சை மையின் நான்காவது வரி.

லினக்ஸ் சர்வர்கள் ஒன்பதும் மாலைக்குள் வந்து சேர்ந்தன. சில இடங்களில் நெட்வொர்க் அட்டையின் பெயர் மாறியிருந்தது, திருத்தினோம், அவ்வளவுதான். விண்டோஸ்தான் மாமியார் வீடு. நகர்த்துவதற்கு முன்பே விஎம்வேர் டூல்ஸை நீக்கிவிட வேண்டும். வந்த பிறகு நீக்கப் போனால், நான் விஎம்வேருக்குள்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடித்து நீங்க மறுக்கும். ஐபி முகவரியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். புதிய அட்டைக்கு அதே முகவரியைக் கொடுத்தால், இது ஏற்கெனவே ஓர் அட்டையிடம் இருக்கிறதே என்று விண்டோஸ் கேட்கும். அந்த அட்டை இப்போது எங்கேயும் இல்லை. ஆவி. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொல்லி விரட்ட வேண்டும்.

இரவு இரண்டு மணிக்குக் கடைசியாக ஆர்டர் சர்வர். இறக்குமதித் திரையில் விர்ட்ஐஓவுக்குத் தயார்செய் என்று ஒரு கட்டம் உண்டு. விர்ட்ஐஓ என்பது மெய்நிகர் சர்வருக்கென்றே செய்த வட்டு வகை, அதன் டிரைவரை விண்டோஸில் தனியாக நிறுவ வேண்டும். டிக் செய்தால், விண்டோஸுக்கு முன்பே தெரிந்த சாட்டா வட்டாகக் காட்டி எழுப்பிக் கொடுக்கும். பதினாறு சர்வருக்கு டிக் செய்தவன், பதினேழாவதுக்குத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டேன். எழுப்பியதும் நீலத் திரை. துவக்க வட்டை அணுக முடியவில்லை. மறுபடியும் எழுந்தது, மறுபடியும் நீலம். தம்பியின் முகத்தில் இரத்தம் இல்லை. "அண்ணா, பழையது அங்கேயே இருக்கிறது அல்லவா?" என்றான். இருந்தது, அணைத்துத்தான் வைத்திருந்தோம். அந்த நினைப்பில்தான் கை நடுங்காமல் பச்சை மைப் பக்கத்தைத் திறந்தேன். வட்டைக் கழற்றி சாட்டாவாக மாட்டு. விண்டோஸ் எழுந்ததும் ஒரே ஒரு ஜிபியில் வெற்று வட்டு ஒன்றை விர்ட்ஐஓ வகையில் சேர். டிரைவரை நிறுவு. வெற்று வட்டு விண்டோஸின் கண்ணுக்குத் தெரிந்தால் டிரைவர் வேரூன்றிவிட்டது என்று பொருள். அணை. உண்மையான வட்டை விர்ட்ஐஓவுக்கு மாற்று. வெற்று வட்டைத் தூக்கிப் போடு.

செய்தோம். எழுப்பினோம். இந்த முறை நீலம் இல்லை, கறுப்புத் திரை. நெட்வொர்க்கிலிருந்து துவங்கப் பார்க்கிறேன் என்று ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. வட்டைக் கழற்றி மாட்டினால் துவக்க வரிசையில் அதற்கு மறுபடி டிக் போட வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் அம்புக்குறி போட்டு அதையும் எழுதியிருந்தார் மனிதர். மூன்று மணி பத்துக்கு ஆர்டர் சர்வரின் உள்நுழைவுத் திரை வந்தது. பண்டிகை முறுக்கு ஒரு டப்பா அந்த அறையிலேயே காலியாகியிருந்தது.

இனி குறைகள். நெட்வொர்க் வழியாக வட்டைக் கொடுக்கும் ஐஸ்கஸி முறையில் பொது ஸ்டோரேஜ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். விஎம்வேரின் விஎம்எஃப்எஸ் போல எல்லாப் பெட்டியும் சேர்ந்து எழுதக்கூடிய கோப்பு முறை இங்கே கிடையாது. லினக்ஸில் வட்டைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம் போட்டால் 8ஆம் பதிப்பு வரை ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது. 2025 ஆகஸ்டில் வந்த 9ஆம் பதிப்பில் வந்திருக்கிறது, ஆனால் முன்னோட்டம் என்ற முத்திரையோடு. எங்கள் ஸ்டோரேஜ் பெட்டி, வட்டாக அல்லாமல் கோப்பாகப் பகிரும் என்எஃப்எஸ்ஸும் பேசும் என்பதால் தப்பித்தோம். சர்வர்களின் சுமையைப் பார்த்து விசென்டர் தானாகவே பெட்டிக்குப் பெட்டி மாற்றி வைக்குமே, நாங்கள் மாற்றிய பதிப்பில் அந்த அருமை இல்லை. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அறிக்கை எடுக்கும்போது நான்தான் சர்வரைக் கையால் நகர்த்துகிறேன். மூன்று பெட்டிக்கு அது பெரிய வேலை இல்லை. முப்பது பெட்டி இருக்கும் இடத்துக்கு நான் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன்.

கிளஸ்டரைப் பற்றி ஒரு கதை. கூட்டுறவுச் சங்கத்தில் கோரம் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது அல்லவா, அதே கணக்குதான் இங்கேயும். மூன்று பெட்டியில் குறைந்தது இரண்டு பெட்டி ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பான்மையை இழந்த பெட்டி தன் அமைப்புக் கோப்புகளைப் பூட்டிக்கொள்ளும். ஒன்று விழுந்தால் அதன் சர்வர்களை மற்றவை எழுப்பும் வசதியைப் போட்டிருந்தால், கோரம் இழந்த பெட்டி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன்னைத்தானே அணைத்து எழும். நான் அந்த வசதியைப் போட்டிருந்தேன். மூன்று பெட்டியின் பேச்சையும் ஒரே ஸ்விட்ச் வழியாக விட்டிருந்தேன். 2025 பொங்கலுக்கு முந்தைய வாரம், யுபிஎஸ் பிளக்கை மாற்றுவதற்காகத் தம்பி அந்த ஸ்விட்சை இரண்டு நிமிடம் அணைத்தான். மூன்று பெட்டியும் ஒரே நேரத்தில், யாருக்கும் கோரம் இல்லை என்று முடிவுசெய்து, ஒழுக்கமாக அணைந்து எழுந்தன. கூடவே இருபத்தாறு சர்வரும். தையல் பிரிவிலிருந்து வந்த முதல் போன் முதலாளியுடையது. தவறு மென்பொருளுடையது அன்று. பேச்சுக்குத் தனி வலையும், அது அறுந்தால் இன்னொரு வழியும் வையுங்கள் என்று கையேட்டிலேயே இருக்கிறது. அன்று மாலையே இரண்டாவது ஸ்விட்ச் வாங்கிப் போட்டேன். பச்சை மையில் இந்த வரி இல்லை. என் நாட்குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

மனதாரப் புகழ வேண்டியது இவர்களுடைய பேக்கப் சர்வரை. தனியாக நிறுவ வேண்டிய மென்பொருள், 2020 முதல் இருக்கிறது. தரவைத் துண்டு துண்டாக்கி, ஒரே மாதிரியான துண்டை ஒருமுறை மட்டுமே சேமிக்கும். முதல் நாள் முழுதாக எடுத்தது, அடுத்த நாள் முதல் மாறியதை மட்டும் எடுத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. சர்வரை அணைத்து எழுப்பினால் மட்டும் எது மாறியது என்ற குறிப்பு அழிந்துபோய், மறுநாள் வட்டு முழுவதையும் ஒருமுறை படிக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போன கோடையில் ஒரு மெர்ச்சண்டைசர் ஒரு வாடிக்கையாளரின் அளவு அட்டைகள் இருந்த கோப்புறையையே அழித்துவிட்டார். சர்வர் முழுவதையும் மீட்கத் தேவையில்லை. உலாவியிலேயே முந்தைய இரவின் பேக்கப்பைத் திறந்து, அந்தக் கோப்புறையை மட்டும் இறக்கிக் கொடுத்தேன். அவர் காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

பணம். இலவசமாகவே ஓட்டலாம், உள்நுழையும்போதெல்லாம் சந்தா இல்லை என்று திரையில் ஓர் அறிவிப்பு எழும்பும், மூடிவிட்டுப் போகலாம். அந்த அறிவிப்பை மறைக்கும் குறுக்கு வழிகளை நாடாமல் சந்தா கட்டுங்கள். நன்கு சோதித்த திருத்தங்கள் சந்தாக்காரர்களுக்குத்தான் வரும். கணக்கு சிபியூவுக்கு, கோருக்கு அன்று. அடிமட்டச் சந்தா சிபியூவுக்கு ஆண்டுக்கு நூறு யூரோவைச் சற்றுத் தாண்டும். அதில் பொறியாளர் ஆதரவு கிடையாது, அது வேண்டுமென்றால் மேல் படிக்குப் போக வேண்டும். வெளிநாட்டுக்கு யூரோவில் அனுப்பினால் ஆடிட்டரின் படிவங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். இந்தியாவிலேயே விற்பவரிடம் ரூபாயில் வாங்கினால் அந்தத் தலைவலி மிச்சம்.

கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் சர்வர் பட்டியலைத் தாளில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். மூன்று பெட்டி, இத்தனை சர்வர், இந்த ஸ்டோரேஜ் என்று காட்டிக் கேட்டால்தான் எதிரில் நிற்பவருக்குத் தன் காயம் நினைவுக்கு வரும். சாப்பாட்டு வரிசையில் முதலில் நிற்காதீர்கள், நடுவில் நில்லுங்கள், இரண்டு பக்கமும் பேச ஆள் கிடைக்கும். மதியத்துக்குப் பிறகு குலுக்கலில் ஹெட்போன் தருவார்கள், அதற்காக மாலை வரை உட்கார வேண்டியதில்லை.

ஓசூர்க்காரருக்குப் பொங்கலன்று போன் செய்தேன். ஸ்விட்ச் கதையைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சிரித்தார். "சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார். அடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை, தம்பியை அனுப்புகிறேன். நாட்குறிப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. ரயில் டிக்கெட்டும் போட்டாயிற்று. மேல் பெர்த்தான் கிடைத்தது.